துளை உள்ள பக்கம்

நாற்காலி வேண்டாம், தம்பி. முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள் நான். நீங்கள் வேலையைத் தொடங்குங்கள். நான் இங்கேயே, வண்டிக்கு எதிரிலேயே நிற்கிறேன். நீங்கள் கழற்றும் ஒவ்வொன்றும் என் கண் முன்னால் கழற்றப்பட வேண்டும். உங்கள்மீது ஐயம் கொண்டு சொல்லவில்லை. ஐயம் இருந்தால் நாங்குநேரியிலிருந்து லோடு ஆட்டோ பிடித்து வள்ளியூர் வரை வந்திருப்பேனா? எங்கள் ஊரில் நான்கு மெக்கானிக் கடைகள் இருக்கின்றன. நான்கு பேரும் ஞானமுத்துவின் ஆட்கள். ஒருவன் சாவி தொலைந்துவிட்டது என்கிறான். இன்னொருவன் என்னைக் கண்டதும் டீ குடிக்கப் போய்விட்டான். அரைமணி நேரம் நின்றேன், அவன் டீ தீரவே இல்லை.

என் பெயர் வரமங்கை. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இது என் மகன் தெய்வநாயகத்தின் வண்டி. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, நான்குவழிச் சாலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. பிள்ளை தூக்கி எறியப்பட்டான். பாளையங்கோட்டையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்னை உள்ளே விடுகிறார்கள். "நாயகம், அம்மா வந்திருக்கிறேன்" என்கிறேன். முப்பத்தொரு வயதுப் பிள்ளை. இன்னும் கண் திறக்கவில்லை.

எனக்கு உங்களிடம் வேண்டியது ரிப்பேர் இல்லை, தம்பி. இந்த வண்டி இனி ஓட வேண்டாம். எஞ்சின் ஏன் இறுகியது, அதற்குக் காரணமான பிழை என்ன என்பதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, கடை முத்திரை வைத்துத் தாருங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தத் தாள் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் தப்பித்துவிடுவான்.

எவனா? அதே ஞானமுத்துதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறான். வைத்திருந்தான் என்று சொல்ல வேண்டும். இப்போது ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. நான் நான்கு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஆய்வாளர் படித்துவிட்டு, "டீச்சர், இதை அப்படியே கோர்ட்டுக்கு அனுப்பலாம்" என்றார். அன்றிலிருந்து தினமும் அவனை நிலையத்துக்கு வரச் சொல்லி உட்கார வைக்கிறார்கள். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். நாளைக்கு அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது வழக்குப் பதிவாகும். நான் இதில் பின்வாங்குவதாக இல்லை.

அவன் என் மாணவன்தான். அதனால் என்ன? ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்காருவான். பாடத்தைக் கவனிக்க மாட்டான். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எதையாவது வரைந்துகொண்டே இருப்பான். பம்புசெட்டு, சைக்கிள் சங்கிலி, எது எந்தப் பக்கம் சுற்றும் என்று காட்ட அம்புக்குறிகள். நான் ரப்பரைக் கொடுத்து அழிக்கச் சொல்வேன். தாள் கிழிகிறவரை அழிப்பான். அழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

அந்த போல்ட்டைக் கீழே வைக்காதீர்கள், தம்பி. இந்தத் தட்டில் வையுங்கள். நான் எண்ணிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் வண்டியைப் பேணுவது என்பது ஒரு ஒழுங்கு. என் கணவர் வைத்திருந்த பழைய வண்டியில் எண்ணெய் வடிகட்டுவதற்குச் சிறிய கம்பிச் சல்லடை ஒன்று இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெயை வடித்துவிட்டு, அந்தச் சல்லடையை உருவி, மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் உலர்த்தி, திரும்பச் செருகுவார். பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த எஞ்சின் ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. அவர் மறைந்த பிறகும் ஓடியது. எதையும் கழுவி வைத்துக்கொண்டால் காலம் முழுதும் உழைக்கும். தூக்கி எறிவது சோம்பேறிகளின் வழக்கம்.

நாயகம் இந்தப் புது வண்டியை வாங்கியபோது சல்லடை போய்விட்டது. அதற்குப் பதிலாக ஃபில்டர் என்று உருளை மாதிரி ஒன்று. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், இரண்டு பக்கமும் தகர மூடி, ஒரு பக்கத்தில் மட்டும் துளை. ஞானமுத்து ஒவ்வொரு தடவையும் பழையதைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவான். ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டேன். "ஏன் கழுவக் கூடாது?" என்றேன். கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் அவன் சொல்கிறான், "டீச்சர், இது இட்லித் துணியா, அலசி அலசிப் போடுததுக்கு? காகிதம் டீச்சர். நனைச்சா போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் அடிவாங்கியவன், தம்பி. அ, ஆ என்று என் கையைப் பிடித்து எழுதியவன். "கவரை மட்டும் நீங்க தொறந்துராதிய, நான் வீட்டுக்கே வந்து மாத்தித் தாரேன்" என்று ஒரு பேச்சு வேறு. எனக்குத் தெரியாதா அந்தத் தந்திரம்? கவரைத் திறந்தால் அவனுடைய வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

இந்த வருடம் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் தொடங்கியது, ஆடியில் ஆளையே தள்ளியது. நாயகத்துக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை. காற்றுக் காலத்தில்தான் அவர்களுக்கு ஓய்வே கிடையாது. போக வர எழுபது கிலோமீட்டர், அவ்வளவும் செம்மண் புழுதி. வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் புருவம்கூடச் சிவப்பாக இருக்கும். வெளியிலேயே இப்படி என்றால் எஞ்சினுக்குள் எவ்வளவு அழுக்குப் போயிருக்கும்? "ஞானமுத்து போன வாரம்தான் மாத்துனான், நீ சும்மா இரும்மா" என்றான் நாயகம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வேலை முடிந்து வந்து படுத்திருந்தபோது, நானே எஞ்சின் பக்கத்திலுள்ள அந்தச் சிறிய மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்தேன். ஆமாம், நானேதான். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? மூன்றே மூன்று போல்ட். என் கணவரின் ஸ்பானர்கள் ஒன்றுகூடத் துருப்பிடிக்காமல் இன்றும் என்னிடம் இருக்கின்றன. மண்ணெண்ணெயை மூன்று தடவை மாற்றி மாற்றி அலசினேன். மூன்றாவது தடவை அது தெளிந்த பிறகுதான் நிறுத்தினேன். தகர மூடியின் மேல் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெண்கள் நகத்தில் பூசுகிற சாயம்! எண்ணெய் ஓடுகிற இடத்தில் நகச்சாயம் பூசுகிற வேலைக்காரனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? ஞானமுத்துவுக்கு ஒரு மகள் இருக்கிறாள்; எங்கேயாவது கொட்டியிருப்பாள், இவன் கையில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்க்கு அது போகவில்லை. பிளேடு எடுத்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, சுரண்டி எடுத்தேன். பிறகு நிழலில் உலர்த்தினேன். அவன் மாட்டியிருந்த விதத்திலும் ஒரு பிழை இருந்தது. அதையும் திருத்தி மாட்டி மூடினேன். அவ்வளவு சுத்தமாக அது கடையிலிருந்து வந்தபோதுகூட இருந்திருக்காது.

நாயகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். புகாரிலும் அதை எழுதவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் விடை எழுத வேண்டும். கேட்காததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது.

என்ன? அந்த மூடி வரவில்லையா? மெதுவாகத் தட்டுங்கள். நான் நன்றாக இறுக்கினேன்.

மறுநாளே வண்டியில் சத்தம் வந்தது. மேல்பக்கத்தில், டிக் டிக் என்று, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. "எம்மா, எஞ்சின் தலையில சத்தம் கேக்கு. ஞானமுத்துகிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்திருதேன்" என்றான். நான்தான் தடுத்தேன். "அவன் தொட்டதால்தான் இந்தச் சத்தம். இனி அவனிடம் போகாதே. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நான் பார்க்கிறேன்" என்றேன். "நீ பாக்கியா?" என்று சிரித்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தான். செவ்வாய்க்கிழமையும் அந்தச் சத்தத்தோடுதான் போனான். புதன்கிழமை காலை எட்டே காலுக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டாமா அந்த எஞ்சின்? நான்கு நாள். நான்கு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, தம்பி?

...இல்லை, அழவில்லை. புழுதி.

ஞானமுத்து என்ன செய்தான் தெரியுமா? நிலையத்தில் வண்டியைப் பார்த்தவுடனே, "ஐயா, நான் எஞ்சினைத் தொறந்து காட்டுதேன், ஃபில்டரை மட்டும் பாத்தாப் போதும்" என்று ஆய்வாளரிடம் கெஞ்சினானாம். எவ்வளவு துணிச்சல் பாருங்கள். குற்றம் செய்தவன் கையிலேயே சாட்சியைக் கொடுப்பதா? திறந்த கையோடு மாற்றி வைத்துவிட மாட்டானா? நான் ஒரே பிடியாக மறுத்தேன். வண்டியை என் பொறுப்பில் வாங்கி, வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, பூட்டு போட்டு வைத்திருந்தேன்.

அவன் மனைவி ஜெபசீலி வந்தாள். வாசற்படியில் நின்றுகொண்டு, "டீச்சரம்மா, அவிய சரியா சாப்பிடுதது இல்ல. ஒறங்குதது இல்ல. நாயகம் தம்பிய நெனச்சு நெனச்சுத்தான் அழுதாவ" என்றாள். "குற்றமுள்ள நெஞ்சு எப்படியம்மா உறங்கும்?" என்று கேட்டேன். படியிறங்கிப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்கிறாள், "சட்டையெல்லாம் கிரீஸோட ஒருத்தர் டெய்லி சாயங்காலம் வந்து லிஃப்ட்டுகிட்ட நிக்காரும்மா. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்காரு." பார்த்தீர்களா? உள்ளே வர முகம் இல்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசியிலும் கூப்பிடுகிறான். பன்னிரண்டு நாளும் கூப்பிட்டான். நான் ஒரு நாளும் எடுக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவான், வேறென்ன?

திறந்துவிட்டதா?

சொல்லுங்கள். என்ன தெரிகிறது? ஏன் விளக்கைக் கிட்டே கொண்டுபோகிறீர்கள்?

ஃபில்டர் தப்பாக மாட்டப்பட்டிருக்கிறதா? தப்பாகவா? உறுதியாகச் சொல்கிறீர்களா? அப்பாடா. என் தெய்வமே. சொன்னேன் அல்லவா, தம்பி! நான் சொன்னேன் அல்லவா! தாள் என் பையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, இதோ. கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். எழுதுங்கள்: "எண்ணெய் வடிகட்டி தவறாகப் பொருத்தப்பட்டதால் எஞ்சின் மேல்பகுதிக்கு எண்ணெய் ஏறாமல்..." எழுதுங்கள், தம்பி. ஏன் எழுதவில்லை?

என்ன கேட்டீர்கள்?

துளை... துளை உள்ள பக்கம் வெளியே பார்த்து இருக்கிறது. ஆமாம், இருக்கிறது. அப்படித்தானே இருக்க வேண்டும்?

உள்ளேயா?

இல்லை. இல்லை, தம்பி, நீங்கள் யோசித்துப் பாருங்கள். துளை எஞ்சினைப் பார்த்து இருந்தால் அழுக்கெல்லாம் நேரே எஞ்சினுக்குள் போகாதா? மூடிய பக்கத்தை எஞ்சினுக்கு நேராக வைத்தால்தானே அழுக்கு அங்கேயே நிற்கும்? அவன் துளையை உள்ளே வைத்து மாட்டியிருந்தான். நான் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. நான்தான் அதைத்... நான்தான் அதைத் திருப்பி...

மறுபடி சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.

எண்ணெய் வெளிப்பக்கத்திலிருந்து காகிதத்துக்குள் வருகிறது. அழுக்கு வெளியே நின்றுவிடுகிறது. சுத்தமான எண்ணெய் மட்டும் நடுவில் சேருகிறது. நடுவிலிருந்து அது எஞ்சின் தலைக்கு ஏறுவதற்கு... இந்த ஒரு துளைதான் வழி. வேறு வழியே இல்லை. அந்த வழியை மூடிய தகரம் அடைத்துக்கொண்டால் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் போகாது.

ஒரு சொட்டும் போகாது.

மூன்று நாள் அவன் அப்படியே ஓட்டினான். சத்தம் கேட்கிறதம்மா என்று என்னிடம்தான் சொன்னான்.

இருங்கள், இருங்கள். அப்படியானால் ஞானமுத்து இதை எழுதி வைத்திருக்க வேண்டாமா? இந்தப் பக்கம்தான் உள்ளே என்று ஒரு அடையாளம் போட்டிருக்க வேண்டாமா? அது அவன் கடமை அல்லவா? நாளைக்கு நான் அதைக் கேட்பேன். அடையாளமே இல்லாமல் ஒரு பொருளை மாட்டினால், தெரியாதவர்கள் எப்படி...

எங்கே? இதிலா? எனக்குக் கண்ணாடி வேண்டும். கொடுங்கள், நான் பிடிக்கிறேன்.

இந்தப் பள்ளத்தில் சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கோடு. இந்தப் பக்கம் இன்னொரு கோடு. இரண்டும் கூடுகிற இடத்தில் முனை. அம்புக்குறி. துளையைப் பார்த்து நிற்கிற அம்புக்குறி. எங்கள் கடைகளில் இதற்கு நகச்சாயம்தான் போடுவோம் என்கிறீர்கள். எண்ணெயில் அழியாது என்கிறீர்கள்.

அழியவில்லை, தம்பி. எவ்வளவு அலசியும் அழியவில்லை. அதனால்தான் பிளேடு எடுத்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்து சுரண்டினேன்.

நாற்காலி இருக்கிறது என்றீர்களே. கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள்.

தண்ணீர் வேண்டாம்.

பிள்ளை எழுந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? எழுந்தால் அல்லவா கேட்பான். எழாவிட்டால்? எழாமலே போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருடன் இருப்பேன்? இந்தக் கையோடுதானே இருக்க வேண்டும்? ஞானமுத்து செய்தான், ஞானமுத்து செய்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை என்னால் அந்த வார்டுக்குள் நுழைய முடிந்தது, தம்பி. நாயகத்தின் கையைத் தொட முடிந்தது. இன்று சாயங்காலம் நான் எப்படி உள்ளே போவேன்?

என்ன சொல்கிறீர்கள்? ஏன் குரலைத் தாழ்த்திச் சொல்கிறீர்கள்?

திருப்பி வைத்துவிடவா என்கிறீர்கள். துளையை உள்ளே வைத்து மூடிவிட்டால், யார் திறந்து பார்த்தாலும் சரியாக இருக்கும். வேறு ஏதோ காரணம் என்று போய்விடும். யாருக்கும் தெரியாது. பெற்றவள் படுகிற பாடு போதாதா என்கிறீர்கள். நீங்கள் நல்லவர், தம்பி. முன்பின் தெரியாத எனக்காக இப்படி ஒரு...

ஞானமுத்து சரியாக மாட்டினான் என்றும் ஆகும். என் பெயரும் வராது. அவன்மேல் வழக்கு நிற்குமா? நிற்காது என்று நினைக்கிறேன். நின்றாலும் நீண்ட நாள் நிற்காது. ஊரில் நான்கு நாள் பேசுவார்கள்; அவனால்தான் என்று சிலர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான். அவன் இளைஞன். வேறு ஊரில்கூடக் கடை வைத்துக்கொள்ளலாம்.

மூடுங்கள்.

சீக்கிரம் மூடுங்கள், தம்பி. யாராவது வந்துவிடப் போகிறார்கள்.

அது என் தொலைபேசி. இருக்கட்டும். மணி பன்னிரண்டு. அவன்தான். அடித்து ஓயட்டும். தினமும் ஓய்ந்துவிடும். நீங்கள் மூடுங்கள்.

இன்னும் அடிக்கிறது.

இன்னும்...

பொறுங்கள். ஸ்பானரைக் கீழே வையுங்கள். அந்த ஃபில்டரை இப்படிக் கொடுங்கள். என் கையில் கொடுங்கள். எண்ணெயாக இருந்தால் இருக்கட்டும், புடவைதானே.

ஹலோ.

ம். நான்தான். டீச்சர்தான் பேசுகிறேன்.

இல்லை. இன்னும் விழிக்கவில்லை. காலையில் விரல் அசைந்தது போல இருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

...இதைக் கேட்கத்தான் தினமும் கூப்பிட்டாயா? வேறொன்றுமே இல்லையா?

அழாதே. முதலில் அழுகையை நிறுத்து. நான் சொல்வதைக் கேள். நாளைக்கு நீ நிலையத்தில் எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஒரு எழுத்துக்கூட. தெரிகிறதா? நான் வருகிறேன். வள்ளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவர் வருவார். வருவீர்கள் அல்லவா, தம்பி? தலையை ஆட்டுகிறார், வருவார்.

எதற்கா?

ஞானமுத்து, அந்தத் தகரத்தின்மேல் நீ சிவப்பில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தாயே... அதை நான்தான் அழித்தேன்.